சுண்டக் காய்ச்சிய 29 நிமிடங்கள்: ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’

கேள்வி: “அண்ணா, இரண்டு வருடமாக டிரம்ஸ் பழகுகிறேன். ஹெவி மெட்டல் இசை கேட்கிற எல்லாரும் ஸ்லேயர் குழுவின் ‘ரெய்ன் இன் பிளட்’ ஆல்பத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். கேட்டுப் பார்த்தேன். 29 நிமிடத்தில் முடிந்துவிட்டது. இதைவிட வேகமாக வாசிக்கிற பேண்டுகள் இன்று எத்தனையோ இருக்கின்றன. பாதிப் பாட்டுகள் ஒரே மாதிரி வேறு இருக்கின்றன. 1986இல் வந்ததை ஏன் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?”

தம்பி, நீங்கள் டிரம்ஸ் வாசிப்பவர் என்பதால் வேகத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் சொல்வது சரிதான். இன்றைக்கு நிமிடத்துக்கு 260, 280 அடி என்று ஓட்டுகிற டிரம்மர்கள் இருக்கிறார்கள். இந்த ஆல்பத்தின் முதல் பாட்டான ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ 210ஐ ஒட்டித்தான் ஓடுகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் ஸ்லேயர் எப்போதோ பின்தங்கிவிட்டது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். 280இல் போகிற பாட்டு கொஞ்ச நேரத்தில் தகரக் கூரைமேல் பெய்கிற மழைபோல ஆகிவிடுகிறது. காது அடிகளை எண்ணுவதை விட்டுவிடுகிறது. ஸ்லேயர் பாட்டில் ஒவ்வொரு அடியும் தனியாக வந்து நெஞ்சில் விழுகிறது. என் காதுக்கு இன்றும் அதுதான் அதிக வேகம்.

20 வருடங்களாக ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸிங் வேலை பார்க்கிறேன். வேலை என்று கேட்டது, பிடித்துக் கேட்டது, ஒரு ஒலி எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கக் கேட்டது என எல்லா வகையிலும் இந்த ஆல்பத்தோடு பழகியிருக்கிறேன். எனக்குப் புரிந்தது இதுதான்: இதைச் செய்தவர்கள் சேர்த்ததைவிட எடுத்ததுதான் அதிகம். எதிரொலியை எடுத்தார்கள். ஒரே ரிஃப், அதாவது கிட்டாரில் வரும் சின்ன இசைத் துண்டு, எட்டுத் தடவை திரும்பி வருவதை எடுத்தார்கள். நீளத்தை எடுத்தார்கள். திரட்டுப்பால் செய்கிறவர்கள் பாலை அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் போகப் போகத்தான் அது நாள்பட நிற்கிற பண்டமாகிறது. 40 வருடமாக இது கெடாமல் இருப்பதற்கும் அதேதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எடுப்பதற்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் எடுத்ததன் அருமை தெரியும். ஸ்லேயர் 1981இல் கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் பார்க்கில் தொடங்கிய குழு. கெர்ரி கிங், ஜெஃப் ஹானமன் இருவரும் கிட்டார். டாம் அராயா பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார். டேவ் லொம்பார்டோ டிரம்ஸ். 1983இல் வந்த முதல் ஆல்பம் ‘ஷோ நோ மெர்சி’. ஆஸ்பத்திரியில் மூச்சுச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த அராயாவின் சம்பளமும் கிங்கின் அப்பாவிடம் வாங்கிய கடனும் சேர்ந்து உருவான ஆல்பம் அது. 1985இல் ‘ஹெல் அவெய்ட்ஸ்’. அதில் 7 பாட்டுகள்தான், ஆனால் நீளமானவை, சுற்றி வளைத்துப் போகிறவை. ஒலி முழுக்க எதிரொலியில் ஊறியிருக்கும். எனக்கு அந்த ஆல்பமும் உயிர். ஆனால் அதைக் கேட்பது கல்யாண மண்டபத்துக்குள் மைக் செட் கேட்பதுபோல. ஒரு வார்த்தை முடிவதற்குள் முந்தைய வார்த்தை சுவரில் பட்டுத் திரும்பி வந்து அதோடு முட்டிக்கொள்ளும்.

அந்தக் காலத்து மெட்டல் ஆல்பங்கள் பெரும்பாலும் அப்படித்தான். ஒலி பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் பெரிய இடத்தில் வாசித்ததுபோல இருக்க வேண்டும் என்பது அப்போதைய நம்பிக்கை. டிரம்ஸ் குகைக்குள் இருக்கும், குரல் மலையுச்சியில் இருக்கும்.

இங்கேதான் மெட்டலுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து ஒருவர் வந்தார். ரிக் ரூபின். நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் விடுதி அறையில் டெஃப் ஜாம் என்ற இசை வெளியீட்டு லேபிளை நடத்திக்கொண்டிருந்தவர். 1984இல் ரஸ்ஸல் சிம்மன்ஸும் சேர்ந்துகொள்ள, அது ஹிப் ஹாப்பின் முக்கியமான லேபிளாக வளர்ந்தது. 1985இல் ராப் பாடகர் எல்.எல். கூல் ஜே-யின் முதல் ஆல்பம் ‘ரேடியோ’ வெளிவந்தபோது, ‘தயாரிப்பு’ என்று போட வேண்டிய இடத்தில் ‘குறைத்தவர்: ரிக் ரூபின்’ என்ற பொருளில் ஒரு ஆங்கிலச் சொல் அச்சாகியிருந்தது. விளையாட்டாகப் போட்டதுபோலத் தெரியும், ஆனால் அந்த ஆல்பத்தைக் கேட்டால் அது வேலையின் நேர்மையான விவரம் என்று தெரியும். ஒரு டிரம் மெஷின், ஒரு குரல், நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் ஒவ்வொரு அடியும் கனக்கும்.

அதே ஆள் ஸ்லேயரைத் தன் லேபிளுக்கு அழைத்தார். 1986 கோடையில் லாஸ் ஏஞ்சலஸின் ஹிட் சிட்டி வெஸ்ட் ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. ஒலிப்பொறியாளர் ஆண்டி வாலஸ். பின்னால் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர் இவர்தான். இருவரும் செய்த முதல் காரியம் குகையைக் காலி செய்தது. ரிவெர்ப், அதாவது அந்த எதிரொலி, கிட்டத்தட்ட இல்லை. கிட்டார்கள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில். ஸ்னேர் டிரம் முகத்துக்கு நேரே.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 210 அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 286 மில்லி விநாடி. அந்த ஓர் அடியை நாலாகப் பிரித்துக் கிட்டார் வாசித்தால் ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 71 மில்லி விநாடி. இப்போது ஒன்றரை விநாடி வால் உள்ள ஒரு ரிவெர்பைப் போடுங்கள். ஒரு சுரத்தின் வால் அடங்குவதற்குள் அடுத்த 20 சுரங்கள் வந்து அதன்மேல் விழுந்துவிடும். எவ்வளவு வேகமாக வாசித்தாலும் கேட்பது ஒரு மூட்டம்தான். வாசிப்பவனின் வியர்வை கேட்பவனுக்குப் போய்ச் சேராது. எதிரொலியை எடுத்ததும் அந்த 71 மில்லி விநாடிகளுக்கு நடுவே ஒரு விளிம்பு தெரிகிறது. நாம் வேகம் என்று உணர்வது அந்த விளிம்பைத்தான். இன்றைய வேகமான ஆல்பங்கள் பலவற்றில் வேறு ஒரு மூட்டம் இருக்கிறது. ஒவ்வொரு டிரம் அடியும் கம்ப்யூட்டரில் கட்டத்துக்குள் நேராக்கப்பட்டு, ஒரே அளவு சத்தத்தில், முன்பே பதிந்த ஒரே சாம்பிளாக வரும். எல்லா அடியும் ஒன்றுபோல இருந்தால் காது அதைத் தொடர்ந்து வருகிற ஒரே ஒலியாக எடுத்துக்கொள்கிறது.

லொம்பார்டோவை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. கியூபாவின் ஹவானாவில் பிறந்து, குழந்தையிலேயே அமெரிக்கா வந்தவர். இந்த ஆல்பம் பதிவானபோது அவருக்கு வயது 21. உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன்: ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ பாட்டில் நான்கு நிமிடம் தாண்டியதும் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள், இரண்டு பேஸ் டிரம்களும் மட்டும் தனியாக உருளும். சில விநாடிதான். அதை வேகம் குறைத்துப் போட்டு வலது காலையும் இடது காலையும் பிரித்துக் கேளுங்கள். இரண்டும் ஒரே எடையில் இருக்காது. லேசாக ஒன்று முந்தும், ஒன்று தாங்கும். குதிரை ஓடுகிற மாதிரி ஓர் அசைவு அதற்குள் இருக்கிறது. உலகம் முழுக்க இப்படி இரண்டு பேஸ் டிரம்களை வாசிக்கப் பழகுகிறவர்கள் 40 வருடமாக அந்தச் சில விநாடிகளிடம் போய்த்தான் பாடம் கேட்கிறார்கள். அவற்றைவிடக் கடினமானவை எத்தனையோ வந்துவிட்டன. அந்த அசைவுக்காகத்தான் போகிறார்கள். பாட்டு சூடேற ஏற அவர் கொஞ்சம் முன்னால் சாய்வதையும் கவனியுங்கள். கிட்டார்காரர்களை அவர் இழுத்துக்கொண்டு போகிறாரா, அவர்கள் இவரைத் துரத்துகிறார்களா என்று சொல்ல முடியாது. எந்த நிமிடமும் வண்டி கவிழ்ந்துவிடும் என்ற பயம் கேட்பவனுக்கு இருக்கிறது. கவிழாது என்று உறுதியாகத் தெரிந்த வேகத்தில் அந்தப் பயம் கிடைக்காது.

அடுத்து நீளம். 29 நிமிடத்தில் முடிந்துவிட்டதை ஒரு குறையாகச் சொல்கிறீர்கள். 1986ஆம் வருடத்தை ஒருமுறை பாருங்கள். மார்ச் மாதம் மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ வந்தது. 8 பாட்டுகள், ஏறத்தாழ 55 நிமிடம். அதே வருடம்தான் மெகாடெத்தின் ‘பீஸ் செல்ஸ்’, கிரியேட்டரின் ‘பிளெஷர் டு கில்’, டார்க் ஏஞ்சலின் ‘டார்க்னஸ் டிசெண்ட்ஸ்’ எல்லாம். த்ராஷ் என்கிற இந்த வேகமான மெட்டல் இசைக்கு அப்படியொரு விளைச்சல் வருடம் பிறகு வரவில்லை. அதில் மெட்டாலிகா ஒரு பாட்டைக் கட்டடம்போல அடுக்கடுக்காக எழுப்பியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது வேறு ஒரு பெரிய சாதனை. ஆனால் ஸ்லேயர் நேர் எதிர்த்திசையில் நடந்தது. இந்த ஆல்பத்தின் இசையில் பெரும்பங்கை எழுதிய ஹானமன் ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமான, கரடுமுரடான ராக் இசை கேட்டு ஊறியவர். அந்த உலகத்தில் பாட்டு ஒன்றரை நிமிடத்தில் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடும். ஒரே பகுதி இரண்டு மூன்று தடவை வந்தாலே எங்களுக்குச் சலித்துவிடும் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதனால் ஒரு ரிஃப் வந்து, உங்களுக்குப் பிடித்துப்போகிற அந்தக் கணத்திலேயே போய்விடும். அதைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் பாட்டை மறுபடி போட வேண்டும். 40 வருடமாக மறுபடி போடுகிறார்கள் என்பதன் எளிமையான காரணம்கூட இதுவாக இருக்கலாம்.

பதிவு முடிந்து மொத்த நேரத்தைப் பார்த்தபோது குழுவினருக்கே சந்தேகம் வந்திருக்கிறது, இவ்வளவு சின்னதாக ஓர் ஆல்பம் போடலாமா என்று. 10 பாட்டு இருக்கிறது, பாட்டுக்கு உண்டான எல்லாம் அதில் இருக்கிறது, அப்புறம் என்ன என்பது ரூபினின் பதில். கேசட்டாக வெளியிட்டபோது இரண்டு பக்கத்திலும் முழு ஆல்பத்தையும் பதிந்தே விற்றார்கள். ஒரு பக்கம் முடிந்தால் திருப்பிப் போட்டு மறுபடி முதலிலிருந்து கேட்கலாம்.

எனக்கு இது வந்து சேர்ந்தது அந்தக் கேசட்டில் இல்லை. கல்லூரி விடுதியில் சீனியர் ஒருவர் பதிந்து கொடுத்த 60 நிமிட வெற்றுக் கேசட்டில். பக்கத்துக்கு 30 நிமிடம். மற்ற ஆல்பங்களை அதில் பதிந்தால் ஏதாவது ஒரு பாட்டு நடுவில் அறுபட்டு, மீதி மறுபக்கத்துக்குப் போகும். இது மட்டும் ஒரு பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து, கடைசியில் ஒரு நிமிடம் வெறும் நாடா ஓடும். அந்த ஒரு நிமிடம் நாங்கள் யாரும் பேசியதில்லை. மறுபக்கம் வேறு ஏதோ இருந்தது, என்னவென்று இப்போது ஞாபகம் இல்லை. பென்சிலால் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்று.

இனி “ஒரே மாதிரி இருக்கிறது” என்ற உங்கள் குறை. பாதி ஒத்துக்கொள்கிறேன். ‘நெக்ரோஃபோபிக்’, ‘ரீபார்ன்’, ‘எபிடெமிக்’ மூன்றையும் கலைத்துப் போட்டு எது எது என்று கேட்டால் முதல் சில மாதங்கள் எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தனிப்பாட்டாகப் பிரித்து எடுத்தால் அவை மெலிந்தவைதான். ஆனால் இந்த ஆல்பத்தை 10 பாட்டாகக் கேட்காதீர்கள். நீளமான இரண்டு பாட்டுகள் இரு முனையில் தூண்களாக நிற்கின்றன: தொடக்கத்தில் ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’, முடிவில் ‘ரெயினிங் பிளட்’. நடுவில் இருக்கிற 8 பாட்டுகளும் சேர்ந்தே 20 நிமிடம்தான். ‘ஆல்டர் ஆஃப் சாக்ரிஃபைஸ்’ மூச்சு விடாமல் ‘ஜீசஸ் சேவ்ஸ்’ பாட்டுக்குள் நுழைகிறது. ‘போஸ்ட்மார்ட்டம்’ கடைசியில் வேகம் பிடித்து ஓடி, சட்டென்று அறுபட்டு, மழைச் சத்தத்தில் போய் விழுகிறது. தறியில் பாவு ஓடுவதுபோல ஒரே நீட்டாக ஓடுகிற இசை இது. செல்போனில் கலைத்துப் போட்டுக் கேட்டால் நடுப்பாட்டுகள் நிச்சயம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நம் காதுக்கு இன்னொரு தடங்கலும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ராகம் கேட்டு வளர்ந்த காது எந்த இசையிலும் ஆதார ஸட்ஜத்தைத் தேடும், எங்கே போனாலும் வீடு திரும்புகிற இடத்தை. ஸ்லேயரின் ரிஃப்களில் சுரங்கள் அடுத்தடுத்த அரைச் சுரங்களாக ஏறி இறங்குகின்றன. எந்த ராகத்திலும் அடங்காத வரிசைகள் அவை. மெலடி என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் தராது. கிட்டார் தனியாக முன்னால் வருகிற சோலோக்கள் இன்னும் மோசம் என்று தோன்றும். கிங்கும் ஹானமனும் தந்திகளின் சுரத்தை வளைக்கிற வாமி பார் கம்பியைப் பிடித்து உலுக்குகிறார்கள், இரும்பு அலறுகிறது, முடிந்துவிடுகிறது. அழகாக வாசிக்கத் தெரியாததால் இப்படி வாசிக்கிறார்கள் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். பிறகு ஒருநாள் அந்த இடங்களில் ஓர் இனிமையான சோலோவை மனதுக்குள் வைத்துப் பார்த்தேன். முழுப் பாட்டும் சரிந்துவிட்டது. பாட்டு பேசுகிற விஷயத்தில் ஆறுதலுக்கு இடமில்லை, அதனால் இசையிலும் ஆறுதல் இல்லை.

அந்த விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசாமல் இந்த ஆல்பத்தைப் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ பாட்டு யோசப் மெங்கெலேயைப் பற்றியது. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் மருத்துவனாக இருந்து, யார் சாக வேண்டும், யார் கொஞ்ச நாள் உழைத்துவிட்டுச் சாக வேண்டும் என்று பிரித்து அனுப்பியவன். இரட்டைக் குழந்தைகளைத் தேடிப் பிடித்து உடலில் பரிசோதனைகள் செய்தவன். போருக்குப் பிறகு தென் அமெரிக்காவில் ஒளிந்து வாழ்ந்து, தண்டனையே இல்லாமல் 1979இல் பிரேசில் கடலில் மூழ்கிச் செத்தான். 1985இல்தான் அவன் எலும்புகளைத் தோண்டி எடுத்து அடையாளம் கண்டார்கள். உலகப் பத்திரிகைகளெல்லாம் அதை எழுதின. அடுத்த வருடம் இந்தப் பாட்டு வந்தது. சுற்றுப்பயணத்தில் மெங்கெலேயைப் பற்றிய புத்தகங்களைப் படித்து ஹானமன் எழுதிய பாட்டு. வரிகள் அவன் செய்தவற்றை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போகின்றன. எங்கும் கண்டனம் என்று தனியாக ஒரு வரி இல்லை.

டெஃப் ஜாமின் விநியோகஸ்தரான கொலம்பியா இந்தப் பாட்டையும் அட்டைப்படத்தையும் காரணம் காட்டி ஆல்பத்தை வெளியிட மறுத்துவிட்டது. கடைசியில் கெஃபன் நிறுவனம் எடுத்துக்கொண்டு 1986 அக்டோபரில் வெளியிட்டது. அப்போதும் தன் அதிகாரபூர்வ வெளியீட்டுப் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. நாஜி அனுதாபிகள் என்ற குற்றச்சாட்டு ஸ்லேயரை வருடக்கணக்காகத் துரத்தியது. மெங்கெலே கொடியவன் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டுமா, அது தெரிந்த விஷயம்தானே என்பதுதான் ஹானமன் தந்த விளக்கம். பாடகர் சிலியில் பிறந்தவர், டிரம்மர் கியூபாவில் பிறந்தவர், இவர்கள் எப்படி வெள்ளை இனவெறியர்கள் ஆவார்கள் என்று ரசிகர்கள் கேட்பார்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஹானமனின் விளக்கம் பாதி தூரம்தான் போகிறது. கண்டனம் சொல்லாமல் கொடுமையை அப்படியே காட்டுவது ஒரு நேர்மையான வழி, அதை மறுக்கவில்லை. கேட்பவனை அங்கே நிறுத்திவைத்து, நீயே முடிவு செய் என்று விட்டுவிடுகிறது. ஆனால் இந்த இசை கேட்பவனை உற்சாகத்தில் குதிக்கவும் வைக்கிறது. செத்துப்போன குழந்தைகளைப் பற்றிய வரிகளுக்கு மேல் அந்த உற்சாகம் ஓடும்போது, அங்கிருந்து உயிரோடு திரும்பி வந்த ஒருவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தங்கள் ரசிகர் மன்றத்துக்கு நாஜி ராணுவத்தின் பெயரைக் கலந்து வைத்தவர்கள் இவர்கள். ஹானமன் ஜெர்மானியப் போர்ப் பதக்கங்களைச் சேகரித்தவர். அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரப்பில் போரிட்டவர் என்பதும் உண்மை. அந்தச் சின்னங்களோடு அவர்கள் காட்டிய அலட்சியத்தை நான் மன்னித்துவிட்டுப் போவதில்லை. பாட்டை விடவும் முடியவில்லை. மெங்கெலேயின் பெயரை நான் முதன்முதலில் கேட்டது இந்தப் பாட்டில்தான். அதற்குப் பிறகுதான் நூலகத்துக்குப் போய் ஆஷ்விட்ஸைப் பற்றித் தேடிப் படித்தேன். நீங்களும் படியுங்கள். படித்துவிட்டுக் கேட்டால் அந்தத் தொடக்க அலறல் வேறு மாதிரி கேட்கும்.

இசைப்படி பார்த்தாலும் இந்தப் பாட்டில் ஒரு பெரிய சூட்சுமம் உண்டு. ஒன்றரை நிமிடம் தாண்டியதும் வேகம் சட்டென்று பாதியாக இறங்கி, ஒரு கனத்த ரிஃப் தள்ளாடித் தள்ளாடி நடக்கும். அதுவரை ஓடியதனால்தான் அந்த நடை அவ்வளவு கனக்கிறது. 1988இல் பப்ளிக் எனிமி குழு அந்த ரிஃபை அப்படியே எடுத்து ‘ஷீ வாட்ச் சேனல் ஜீரோ’ பாட்டில் சுழலவிட்டது. டெஃப் ஜாமின் ஹிப் ஹாப் குழு அது. ரூபின் ஹிப் ஹாப்பிலிருந்து மெட்டலுக்குக் கொண்டுவந்த வறண்ட ஒலி, இரண்டே வருடத்தில் ஹிப் ஹாப்புக்கே திரும்பிப் போனது. நடுவில் எதிரொலி இருந்திருந்தால் அந்த ரிஃபை வெட்டி எடுத்திருக்கவே முடியாது. கெர்ரி கிங் அதே காலத்தில் டெஃப் ஜாமின் இன்னொரு குழுவான பீஸ்டி பாய்ஸின் ‘நோ ஸ்லீப் டில் புரூக்ளின்’ பாட்டுக்கு ஒரு சோலோ வாசித்துக் கொடுத்ததும் இந்த அண்டைவீட்டு உறவில்தான்.

‘ரெயினிங் பிளட்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழை, இடி, கிட்டார்களின் முனகல். நடுவே டாம் டிரம்மில் மூன்று அடி. மறுபடி மூன்று அடி. அப்புறம் அந்த ரிஃப். கீழ்த் தந்தியை இடைவிடாமல் அதிரவிட்டு, மேலே சில சுரங்கள் படிப்படியாக இறங்குகிற ரிஃப். எழுதிக் காட்டினால் ஒன்றுமே இல்லை, பழகுகிற பையன் ஒரே மாலையில் வாசித்துவிடுவான். ஆனால் உலகத்தில் எந்த ஊரில் வாசித்தாலும் முதல் இரண்டு விநாடியில் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். பாட்டின் இறுதியில் எல்லா வாத்தியமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இனி ஏற இடமில்லை என்கிற நிலையில் இடி விழுகிறது. இசை நின்றுவிடுகிறது. பிறகு ஏறக்குறைய ஒரு நிமிடம் வெறும் மழை. 28 நிமிடம் ஒரு விநாடியைக்கூட வீணாக்காதவர்கள், கடைசியில் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். ஆல்பத்தின் பெயரிலும் இந்தப் பாட்டின் பெயரிலும் ஆங்கிலத்தில் ஒரு சொல்விளையாட்டு இருக்கிறது: ஒன்று ரத்தத்தில் ஆள்வது, மற்றது ரத்தம் பொழிவது. காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

பின்னால் நடந்தவை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வானொலி இதைத் தொடவில்லை. ஆனாலும் அமெரிக்காவின் பில்போர்ட் 200 ஆல்பப் பட்டியலில் 94ஆம் இடம் வரை போனது. 1992இல் விற்பனைக்கான கோல்ட் சான்றிதழ் கிடைத்தது. டெத் மெட்டல் என்று பிறகு கிளம்பிய மொத்தத் தலைமுறையும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தது. 2001இல் பாடகி டோரி ஏமஸ் ‘ரெயினிங் பிளட்’ பாட்டைப் பியானோவில் மெதுவாக, இருட்டாகப் பாடிப் பதிந்தார். வேகம் முழுவதையும் கழற்றிவிட்ட பிறகும் பாட்டு நின்றது. வெறும் வேகம்தான் இதன் பலம் என்பவர்களுக்கு அந்தப் பதிவைத்தான் போட்டுக் காட்டுவேன்.

2012 அக்டோபரில் ஸ்லேயர் பெங்களூருக்கு வந்தது. சென்னையிலிருந்து ரயில் பிடித்துப் போனேன். எங்கள் பெட்டியிலேயே கறுப்பு டீ-ஷர்ட்கள் பத்துப் பதினைந்து இருந்திருக்கும். ஹானமன் வரவில்லை. 2011இல் கையில் கடுமையான தொற்று வந்து சதையை அரித்ததில் அவரால் பயணம் போய் வாசிக்க முடியாமல் போயிருந்தது. அவர் இடத்தில் எக்ஸோடஸ் குழுவின் கேரி ஹோல்ட் வாசித்தார். லொம்பார்டோ இருந்தார், நான் நின்ற இடத்திலிருந்து அவர் கால்கள் தெரியவில்லை, ஆனால் அடி ஒவ்வொன்றும் வயிற்றில் தெரிந்தது. ‘ரெயினிங் பிளட்’ பாட்டின் அந்த மூன்று டாம் அடிக்குக் கூட்டம் முழுவதும் கையை உயர்த்தி உயர்த்திக் குத்தியது. பக்கத்தில் நின்றவனுக்கு 16, 17 வயது இருக்கும். ஆல்பம் வந்தபோது அவன் பிறக்கவே இல்லை. ஹானமன் அடுத்த மே மாதம் 49 வயதில் கல்லீரல் கெட்டு இறந்துபோனார். எழுதியவரை மேடையில் பார்க்காமல் அவர் எழுதியதைக் கேட்டுவிட்டு வந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று. இயர்போனைக் கழற்றிவிட்டு, நல்ல ஸ்பீக்கரில், ‘ஏஞ்சல் ஆஃப் டெத்’ தொடங்கி மழை நிற்கிற வரைக்கும் ஒரே மூச்சில் கேளுங்கள். நடுப்பாட்டுகளில் பெயரைப் பார்க்காதீர்கள். டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். அது முடிந்த கையோடு அதே குழுவின் அடுத்த ஆல்பமான ‘சவுத் ஆஃப் ஹெவன்’ போடுங்கள். அது 1988இல் வந்தது. இதைவிட வேகமாக இன்னொன்று செய்து இதை மிஞ்ச முடியாது என்று அவர்களுக்கே தெரிந்திருந்ததால், வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துச் செய்த ஆல்பம். முதல் பாட்டு நடக்கத் தொடங்கும்போது, சற்றுமுன் முடிந்த 29 நிமிடமும் உங்கள் காலில் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும்.